கண்டுபிடிப்புக்கு எந்தப் பணம் ஒத்துவரும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் நீங்களும் நண்பர் ஒருவரும், மின்வாகன மோட்டார்களில் வழக்கமாக இருக்கும் அரிய மண் காந்தம் (ரேர் எர்த் மேக்னட்) இல்லாமல் ஓடும் மோட்டார் ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். மாதிரி ஓடுகிறது, உற்பத்திக்கு இன்னும் தூரம் இருக்கிறது. பெங்களூரில் உள்ள துணிகர முதலீட்டு (வென்ச்சர் கேபிடல்) நிதி ஒன்றும், வாகன உதிரிபாகங்கள் செய்யும் பெரிய கம்பெனியின் முதலீட்டுப் பிரிவும் பணம் தர முன்வந்திருக்கின்றன. இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதன் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது: பணம் வந்த பிறகும் நாங்கள் கண்டுபிடிக்கிறவர்களாகவே இருப்போமா? மதிப்பீடு எவ்வளவு, எத்தனை விழுக்காடு பங்கு கொடுக்கலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கணக்கு. பணத்தின் வகை கண்டுபிடிப்பின் போக்கை மாற்றுமா என்பதற்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். மாற்றும். ஆனால் பணத்தின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைவிட, கொடுப்பவர் எப்போது திருப்பிக் கேட்பார், சோதனை தோற்றால் என்ன செய்வார், அவருக்கு வேறென்ன வியாபாரம் இருக்கிறது என்பவைதான் அதிகம் மாற்றும்.

நான் சில ஆண்டுகள் ஒரு நிதியில் வேலை பார்த்தவன். இப்போது நிறுவனர்கள் பக்கம் உட்கார்ந்து முதலீட்டு ஒப்பந்தங்களைப் படித்துத் தருகிறேன். மோட்டார் பற்றி எனக்குத் தெரிந்தது மின்கட்டண ரசீது வரைதான். ஆகவே உங்கள் தொழில்நுட்பம் சிறந்ததா என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை.

துணிகர முதலீட்டால் புதுமை பெருகுகிறது என்பதற்கு ஓரளவு உறுதியான ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 1979-இல் ஓய்வூதிய நிதிகள் இத்தகைய முதலீட்டில் பணம் போடலாம் என்று விதி தெளிவாக்கப்பட்டதும் பணம் வெள்ளமாக வந்தது. அந்தத் திடீர் மாற்றத்தைப் பயன்படுத்தி கோர்ட்டம், லெர்னர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 20 தொழில்துறைகளின் காப்புரிமை (பேடன்ட்) கணக்கை ஆராய்ந்தார்கள். கம்பெனிகள் தம் ஆய்வுக்கூடங்களில் செலவிடும் ஒரு டாலரைவிட, துணிகர முதலீட்டு டாலர் ஏறக்குறைய மூன்று மடங்கு காப்புரிமைகளைத் தந்ததாக 2000-இல் வெளியான அவர்களின் கட்டுரை சொன்னது. இதைக் கேட்டவுடன் துள்ளிக் குதிக்க வேண்டாம். நல்ல கண்டுபிடிப்பாளர்களைத் தேடிப் பிடித்துத்தானே நிதிகள் பணம் கொடுக்கின்றன? மரம் காய்க்கும் என்று தெரிந்து குத்தகைக்கு எடுத்தவன், தன்னால்தான் காய்த்தது என்று சொன்னால் எப்படி?

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது விமானப் பயணத்தை வைத்துச் செய்யப்பட்டது. பெர்ன்ஸ்டைன், ஜிரூ, டவுன்செண்ட் மூவரும் 2016-இல் வெளியிட்டது. முதலீட்டாளர் இருக்கும் ஊருக்கும் அவர் பணம் போட்ட நிறுவனம் இருக்கும் ஊருக்கும் இடையே புதிதாக நேரடி விமானம் விடப்பட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். பணம் ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது, தேர்வு முடிந்துவிட்டது, மாறியது பயண நேரம் மட்டும்தான். அப்படியிருந்தும் அந்த நிறுவனங்களின் காப்புரிமைகள் கூடின, அவை மேற்கோள் காட்டப்படுவதும் கூடியது. கூடுதல் சில விழுக்காடுதான், மலையளவு அல்ல. ஆனாலும் முதலீட்டாளர் நேரில் வந்து உட்காருவதற்கே ஒரு பலன் உண்டு என்பது இதில் தெளிவாகிறது. கோவைக்கு ஆண்டுக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் நிதியும், மாதம் ஒரு முறை வந்து பட்டறையில் நிற்கும் நிதியும் ஒன்றல்ல.

இனி வகைகளுக்கு வருகிறேன். முதலில் சாதாரண நிதி. அதில் இருக்கும் பணம் அந்த நிதியை நடத்துபவர்களுடையது அல்ல. ஓய்வூதிய அமைப்புகள், காப்பீட்டு நிறுவனங்கள், பணக்காரக் குடும்பங்கள் கொடுத்தது. பெரும்பாலும் 10 ஆண்டுக் காலவரம்பு. முதல் நான்கைந்து ஆண்டுகளில் போட்டு, மீதி ஆண்டுகளில் எடுத்துத் திருப்பித் தர வேண்டும். உங்களிடம் பேச வந்திருக்கும் நிதி தொடங்கி நான்கு ஆண்டு ஆகியிருந்தால், உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஆறு ஆண்டுதான். இந்த ஒரு எண்ணைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

இந்தக் கெடு கண்டுபிடிப்பைக் கெடுக்கும் என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. எப்போதும் அப்படி இல்லை. 1976-இல் ஜெனென்டெக் என்ற அமெரிக்க உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்ட கதையைப் பாருங்கள். முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்திருந்த ராபர்ட் ஸ்வான்சனும் உயிர்வேதியியலாளர் ஹெர்பர்ட் போயரும் பாக்டீரியாவில் இன்சுலின் செய்யலாம் என்று கிளம்பினார்கள். கிளைனர் பெர்க்கின்ஸ் நிதியின் டாம் பெர்க்கின்ஸ் கேட்ட பணத்தை அப்படியே தரவில்லை. சொந்த ஆய்வுக்கூடம் கட்டாதீர்கள், வேலையைப் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனை ஆய்வகத்துக்கும் ஒப்பந்தத்தில் கொடுங்கள், இது நடக்குமா என்பதை மட்டும் முதலில் காட்டுங்கள் என்று சொல்லி 1,00,000 டாலர் போட்டார். இன்சுலினைவிடச் சிறிய, எளிய சோமடோஸ்டேட்டின் என்ற ஹார்மோனை முதலில் எடுத்துக்கொண்டார்கள். 1977-இல் அது கிடைத்தது. அடுத்த ஆண்டு இன்சுலின். மருந்து நிறுவனமான எலி லில்லி உரிமம் வாங்கியது. 1980-இல் பங்கு வெளியீடு, 1982-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல். பெரிய ஐயத்தைச் சிறிய செலவில் முதலில் தீர்த்துக்கொள்வது என்ற, பணம் போட்டவரின் ஜாக்கிரதை, எந்தச் சோதனையை முதலில் செய்வது என்பதையே தீர்மானித்தது. கெடுபிடி அங்கே அறிவியலுக்கு உதவியிருக்கிறது.

உதவாமல் போன இடமும் இருக்கிறது. 2006 முதல் 2011 வரை அமெரிக்க நிதிகள் தூய எரிசக்தி நிறுவனங்களில் 2,500 கோடி டாலருக்கு மேல் கொட்டின. அதில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016-இல் கணக்குக் காட்டியது. புதிய வேதிப்பொருள், புதிய செயல்முறை என்று போனவர்கள் மென்பொருள் செய்தவர்களைவிட மோசமாக அடிபட்டார்கள். காரணம் எளிது. ஒரு புதிய பொருளைச் சோதித்து, அளவு கூட்டி, ஆலை கட்டி, வாடிக்கையாளர் நம்பும்வரை ஆகிற காலம் நிதியின் காலவரம்புக்குள் அடங்கவில்லை. உங்கள் மோட்டார் இரண்டுக்கும் நடுவில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. புதிய பொருள் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை; எஃகும் செம்பும் இருக்கவே இருக்கின்றன. ஆனால் வாகனக் கம்பெனிகளின் சோதனைச் சுற்றுகள் மெதுவானவை.

அடுத்தது பெரிய கம்பெனியின் பணம். இங்கேதான் ஆய்வு முடிவு என்னைப் போன்றவர்களின் முன்முடிவுக்கு எதிராக வந்தது. செம்மனூர், லவுட்ஸ்கினா, தியான் மூவரும் 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், கம்பெனிகளின் முதலீட்டுப் பிரிவுகள் ஆதரித்த நிறுவனங்கள், சாதாரண நிதிகள் ஆதரித்தவற்றைவிட அதிகக் காப்புரிமைகள் பெற்றிருந்தன. அவை வயதில் இளையவை, ஆபத்து கூடியவை, லாபம் குறைந்தவை, இருந்தும் அப்படி. இரண்டு காரணங்கள் சொன்னார்கள். ஒன்று, தாய்க் கம்பெனிக்கு அந்தத் தொழில் தெரியும். மற்றொன்று, அது தோல்வியைக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறது. பத்தாண்டுக் கெடு அதன் கழுத்தில் இல்லை. தோல்வியைப் பொறுப்பது பற்றி அதே ஆண்டு தியானும் வாங் என்பவரும் தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு ஒரு நிதி எவ்வளவு காலம் பணம் தந்துகொண்டிருந்தது என்பதை அளவுகோலாக வைத்தார்கள். பொறுமை கூடிய நிதிகள் வளர்த்த நிறுவனங்கள் பங்குச் சந்தைக்கு வந்த பிறகும் அதிகம் கண்டுபிடித்தன. பணத்தின் வகையைவிடக் கொடுப்பவரின் குணம் முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் தொடங்கிய, மின் ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் எனர்ஜி. இன்று ஓசூரில் ஆலை. 2025 மே மாதம் பங்குச் சந்தையில் பட்டியலானது. பணத்தின் வகைகளை வரிசையாகப் பார்க்க இதைவிடத் தோதான நிறுவனம் இல்லை. தொடக்கத்தில் மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் வழியாகச் சிறு தொகை, ஐஐடியின் அரவணைப்பு. 2014-இல் ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள் இருவரும் ஏஞ்சல் முதலீட்டாளர்களாக, அதாவது தம் சொந்தப் பணத்திலிருந்து, தந்த 10 லட்சம் டாலர். 2015-இல் டைகர் குளோபல் என்ற பெரிய நிதி. 2016-இல் ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி ரூபாய். 2022-இல் அரசின் பங்களிப்போடு நடக்கும் என்ஐஐஎஃப் நிதி. முதல் ஸ்கூட்டரைப் பொதுமக்களிடம் காட்டியது 2016 பிப்ரவரி. விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018. இடைப்பட்ட காலத்தில் விற்பனை வருமானம் ஏதுமில்லாமல் மின்கலப் பொதி, கட்டுப்பாட்டு மென்பொருள், சார்ஜர் எல்லாவற்றையும் தாங்களே வடிவமைத்தார்கள். அந்த இடைவெளியில் வந்து சேர்ந்ததுதான் ஹீரோவின் பணம். ஒரு இருசக்கர வாகனத்தை வடிவமைத்துச் சாலைக்குக் கொண்டுவர எத்தனை காலம் ஆகும் என்பது ஏற்கெனவே தெரிந்த ஒருவரின் பணம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே ஹீரோ 2022 அக்டோபரில் விடா என்ற பெயரில் தன் சொந்த மின் ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. பங்குதாரரே போட்டியாளர். இதில் சட்டத்துக்குப் புறம்பானது எதுவும் இல்லை. பெரிய கம்பெனி இரண்டு குதிரையில் பணம் கட்டுவது அதன் உரிமை. ஏத்தருக்கு இதனால் முழுக்க நட்டமும் இல்லை. ஏத்தர் உருவாக்கிய சார்ஜிங் இணைப்பான் விடாவிலும் பயன்பட்டது. 2023-இல் இந்திய தர நிர்ணய அமைவனம் அதை இலகு ரக மின்வாகனங்களுக்கான தரமாக ஏற்றது. ஒரு சிறிய நிறுவனத்தின் வடிவமைப்பு நாட்டின் தரமாவதற்குப் பெரிய கம்பெனி ஒன்று பக்கத்தில் நின்றது கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் உங்களிடம் ஏத்தர் அளவுக்குப் பல முதலீட்டாளர்கள் இல்லை. பங்கு வைத்திருப்பவர் போட்டியாளராக மாறும் நாளில் அவரோடு சமமாக நின்று பேச, மேசையின் உங்கள் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும்.

இந்த அச்சம் ஆய்விலும் தெரிகிறது. தாய்க் கம்பெனியும் சிறு நிறுவனமும் ஒரே தொழிலில் இருந்தால், கண்டுபிடிப்பைப் பாதுகாக்கும் சட்டம் பலவீனமாக உள்ள துறைகளில் அவர்களுக்குள் முதலீட்டு உறவு ஏற்படுவதே அரிது என்று துஷ்னிட்ஸ்கி, ஷேவர் இருவரும் 2009-இல் காட்டினார்கள். மருந்து போன்ற, காப்புரிமை இறுக்கமாகப் பிடிக்கும் துறைகளில் அந்தத் தயக்கம் இல்லை. காட்டினால்தான் பணம், காட்டினால் களவு போகலாம். உங்கள் மோட்டாரின் சூட்சுமம் ரோட்டரின் (சுழலும் பகுதியின்) வடிவத்தில் இருந்தால், ஒன்றைப் பிரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதைக் காப்புரிமைதான் காக்க முடியும். சூட்சுமம் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் இருந்தால், காப்புரிமை இல்லாமலும் ஓரளவு மறைத்து வைக்கலாம். எது எங்கே இருக்கிறது என்பதைக் காப்புரிமை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். அது என் வேலைக்குள் வராதது. சாதாரண நிதி இந்த விஷயத்தில் பாதுகாப்பானது என்றும் நினைத்துவிட வேண்டாம். ஒரே நிதி இரண்டு போட்டியாளர்களிலும் பணம் போட்டிருந்தால் அந்த நிறுவனங்களின் புதுமை குறைகிறது என்று அறுவைசிகிச்சைக் கருவித் துறையை வைத்துச் செய்த ஓர் ஆய்வு சொல்கிறது. செய்தி கசிய அங்கேயும் வழி இருக்கிறது.

அரசுப் பணத்தை நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். நம் ஊரில் அதைப் பற்றி ஒன்று ஏளனம், இல்லையென்றால் அளவு மீறிய நம்பிக்கை. இஸ்ரேல் 1992-இல் இன்பால் என்ற திட்டத்தில், நிதிகளுக்கு நட்டம் வந்தால் 70 விழுக்காடு வரை அரசு ஈடு செய்யும் என்றது. ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. மறு ஆண்டே யோஸ்மா வந்தது. 10 கோடி டாலர். நிதிகளில் அரசு 40 விழுக்காடு வரை போடும், லாபம் வந்தால் தனியார் பங்குதாரர்கள் அரசின் பங்கை அசலும் வட்டியும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இது பற்றிக்கொண்டது. விழுந்தால் தாங்குவதைவிட ஏறினால் விட்டுக்கொடுப்பது நல்ல முதலீட்டாளர்களை இழுத்தது. ஐரோப்பிய உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்களைப் பார்த்த ஓர் ஆய்வில், அரசு நிதி தனியாக நின்றபோது கண்டுபிடிப்பில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. தனியார் நிதியோடு சேர்ந்தபோது அதன் பலனைக் கூட்டியது. அமெரிக்க எரிசக்தித் துறையின் மானியங்களை ஆராய்ந்த சப்ரினா ஹவல் 2017-இல் சொன்னது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். 1,50,000 டாலர் அளவிலான முதல் கட்டச் சிறு மானியம் பெற்றவர்களுக்குப் பின்னால் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கானது. அதற்கு அடுத்த, பல மடங்கு பெரிய இரண்டாம் கட்ட மானியம் அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. அரசு முத்திரை கிடைத்த பெருமையால் அல்ல, மாதிரி செய்து பார்க்கக் காசு இருந்ததால்தான் முதல் மானியம் வேலை செய்தது என்பது அவர் முடிவு. இங்கே 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் கருத்தை நிரூபிக்க 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தந்தார்கள்; இப்போதும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் விதை நிதித் திட்டமான டான்சீட் இருக்கிறது. படிவங்கள் எரிச்சலூட்டும். நிரப்புங்கள்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்பப் பணம்தான் எல்லாவற்றிலும் பொறுமையானது, அந்தக் குடும்பத்துக்குத் தொழில் தெரிந்திருந்தால். ஜெர்மனியில் மருந்துத் தொழிலில் சம்பாதித்த ஸ்ட்ருங்மன் சகோதரர்களும் எம்ஐஜி என்ற நிதியும் 2008-இல் 15 கோடி யூரோ தந்து தொடங்கவைத்த பயோன்டெக், 2020-இல்தான் உலகம் அறிந்த கொரோனா தடுப்பூசியைத் தந்தது. மிகப் பெரிய தொகையோடு வரும் நிதிகளின் விளைவு வேறு விதம். 2019-இல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 25 கோடி டாலர் தந்த ஓலா எலெக்ட்ரிக், மறு ஆண்டு எட்டர்கோ என்ற டச்சு நிறுவனத்தை வாங்கி, அதன் வடிவமைப்பை அடிப்படையாக வைத்து 2021 ஆகஸ்டில் ஸ்கூட்டரை அறிவித்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பேராலையும் எழுந்தது. ஏத்தர் ஐந்தாண்டில் வடிவமைத்ததை இங்கே பணம் விலைக்கு வாங்கிக் காலத்தைச் சுருக்கியது. இதைப் புதுமை இல்லை என்று சொல்ல மாட்டேன். உற்பத்தி அளவிலும் வேகத்திலும் இருக்கிற புதுமை. ஆனால் நீங்கள் செய்ய நினைப்பது அதுவல்ல என்று உங்கள் கேள்வியே காட்டுகிறது. முதலீடே வாங்காத ஜோஹோவைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். விற்கும் பொருளிலிருந்து ஆய்வுக்குப் பணம் எடுக்க முடிகிறவர்களுக்கு அந்த வழி. உங்களிடம் இன்னும் விற்கும் பொருள் இல்லை.

எது சந்தேகத்துக்குரியது என்பதையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை. புதுமையை அவை அளப்பது காப்புரிமைகளை எண்ணி. பல நல்ல கண்டுபிடிப்புகள் காப்புரிமை அலுவலகத்தின் படியே ஏறாதவை. பல காப்புரிமைகள் வழக்குக்காகவே எழுதப்பட்டவை. கம்பெனி முதலீட்டுப் பிரிவுகள் அதிகப் புதுமைக்குக் காரணமா, அல்லது ஏற்கெனவே கண்டுபிடிப்பில் ஊறியவர்களைத்தான் அவை தேர்ந்தெடுக்கின்றனவா என்ற கேள்விக்கு விமான ஆய்வு போல ஒரு சுத்தமான விடை கிடைத்ததாக நான் கருதவில்லை. இந்தியக் கம்பெனிகளுக்கு அந்த முடிவை அப்படியே கொண்டுவரவும் துணிய மாட்டேன். இங்கே பல முதலீட்டுப் பிரிவுகள் தலைவர் ஒருவரின் ஆர்வத்தில் பிறந்து, அவர் மாறியதும் மூடப்படுகின்றன. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கண்காணிப்புக்குப் பலன் உண்டு, தோல்வியைப் பொறுப்பதற்குப் பலன் உண்டு, சிறு மானியத்துக்குப் பலன் உண்டு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மானியத்துக்கு இன்றே விண்ணப்பித்து, நிதியை முதன்மை முதலீட்டாளராகவும் கம்பெனியைச் சிறு பங்கோடும் ஒரே சுற்றில் உள்ளே கொண்டுவரப் பார்ப்பேன். சீனா 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து உங்களைப் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள். பேரம் பேச இது நல்ல நேரம். கம்பெனியின் டெர்ம் ஷீட்டில் (முதலீட்டு நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லும் தாளில்) மூன்று வரிகளைத் தேடுங்கள். நிறுவனத்தை விற்பதானால் முதலில் எங்களிடம்தான் கேட்க வேண்டும் என்ற வரி இருந்தால் வேறு யாரும் விலை கேட்கவே வரமாட்டார்கள். அதை நீக்கச் சொல்லுங்கள், குறைந்தது தகவல் தெரிவித்தால் போதும் என்று மாற்றுங்கள். எங்கள் போட்டியாளர்களுக்கு விற்கக் கூடாது என்ற வரிக்குக் கால எல்லை வையுங்கள், அதுவும் மாதக் கணக்கில். இயக்குநர் குழுவில் அவர்களின் ஆள் உட்காருவதானால், தொழில்நுட்பம் பேசும் கூட்டங்களில் அவர் வெளியே இருப்பார் என்று எழுதி வாங்குங்கள். நிதியின் ஒப்பந்தத்தில் வேறொன்று பாருங்கள்: அடுத்த தவணைப் பணத்தை எந்த இலக்கோடு கட்டியிருக்கிறார்கள்? விற்பனை எண்ணிக்கையோடு கட்டியிருந்தால் உங்கள் ஆய்வுப் பணி முதல் ஆண்டிலேயே விற்பனைப் பணியாகிவிடும். இத்தனை மணி நேரம் இந்த வெப்பத்தில் ஓட வேண்டும் என்பது போன்ற சோதனை இலக்கோடு கட்டச் சொல்லுங்கள். ஜெனென்டெக்கில் நடந்தது அதுதான்.

கடைசியாக ஒன்று. இரண்டு தரப்பும் தாங்கள் வளர்த்துவிட்ட வெற்றி நிறுவனங்களின் பட்டியலை உங்களிடம் தந்திருப்பார்கள். அதை ஓரமாக வையுங்கள். அவர்கள் பணம் போட்டு மூடிப்போன நிறுவனங்களின் நிறுவனர்கள் இரண்டு பேரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். கடைசி ஆறு மாதங்களில் முதலீட்டாளர் எப்படி நடந்துகொண்டார், எந்தச் சோதனையை நிறுத்தச் சொன்னார், எப்போது தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார் என்று அவர்களிடம் விசாரியுங்கள். எண் தரத் தயங்குகிறவரிடம் பணம் வாங்குவதை நானாக இருந்தால் தள்ளிப்போடுவேன்.